அளவுகோலும் அளக்கப்படுவதும்: ஒரு கருவிப் பட்டறையின் வரலாறு

விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், கடலை ஒட்டிய செம்மண் மேட்டில் அமைந்திருக்கிறது குயிலாப்பாளையம். கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் வரும். ஊருக்கு மேற்கே, சற்றுத் தொலைவில், ஆரோவில்லின் மாத்ரி மந்திர் நிற்கிறது. அதன் உள்ளறையின் நடுவில் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கண்ணாடிக் கோளம் இருக்கிறது. கூரைக்கு மேலே சூரியனைத் தொடர்ந்து திரும்பும் ஆடி ஒன்று ஒளிக்கற்றையைக் கீழே அனுப்ப, அக்கற்றை நேராக இறங்கி இக்கோளத்தைத் தொடுகிறது. 1991ஆம் ஆண்டு இங்கு நிறுவப்பட்ட அக்கோளத்தைச் செய்து கொடுத்தது ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனம்.

ஸைஸ் என்றால் நம்மில் பலருக்கு மூக்குக்கண்ணாடியும் புகைப்படக் கருவியும் நினைவுக்கு வரும். கல்லூரி ஆய்வகத்தில் பயின்றவர்களுக்கு நுண்ணோக்கி. ஆனால் கடைசல் பட்டறைகளிலும் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்வோருக்கு அப்பெயர் வேறொன்றைக் குறிக்கும். ஓர் உலோகத் துண்டு சொன்ன அளவில் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் கருவிகளின் பெயர் அது. ஒளியைத் தாங்க ஒரு கோளத்தைச் செய்தவர்களும் பற்சக்கரத்தின் பல்லை அளக்கும் கருவியைச் செய்தவர்களும் ஒரே குடும்பத்தினர் என்பது வியப்பாகத் தோன்றலாம். அவ்வரலாற்றைத் தொடர்ந்து சென்றால் வியப்பு குறையும். அதனிடத்தில் சில கேள்விகள் எழும். அக்கேள்விகளுக்காகவே இக்கட்டுரை.

*

அளவை நமக்குப் புதிதன்று. சோழர் கல்வெட்டுகள் ‘உலகளந்த கோல்’ பற்றிப் பேசுகின்றன. நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயிற்சுவரில் வெட்டி வைத்து, ஊரார் எவரும் சரிபார்த்துக்கொள்ளச் செய்யும் வழக்கம் நம்மிடம் இருந்தது. பின்னங்களில் நம் முன்னோர் காட்டிய நுட்பம் புகழ்பெற்றது. முந்திரி என்பது முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. கீழ் முந்திரி என்பது அந்த முந்திரியின் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு, அதாவது 1,02,400இல் ஒன்று. முதலாம் இராசராசன் காலத்து நிலக்கணக்குகள் ஒரு வேலியின் 5,242 கோடியில் ஒரு பங்கு வரை இறங்குவதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். வேலியை ஆறே முக்கால் ஏக்கர் என்று கொண்டால் அப்பங்கு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். ஓர் எள்ளை வைக்கவும் போதாத இடம்.

எந்தக் கோலும் அந்த இடத்தை அளந்திருக்க முடியாது. அது கணக்கனின் ஓலையில் மட்டுமே பிறந்த நுட்பம்: வரியைப் பங்கிட்டபோது மிஞ்சிய பின்னத்தைக் கைவிட மனமில்லாத ஒரு நேர்மையின் அடையாளம். கணக்கு ஒரு புறம் மிக நுண்மையாக ஓடிக்கொண்டிருக்க, கருவியும் கையும் மறுபுறம் தம் போக்கில் சென்றன. மரக்காணத்து உப்பளத்தில் இதற்கு நேரெதிரான நிலையைக் காணலாம். உப்புநீரின் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படியத் தொடங்குகிறது. 29ஐத் தாண்டவிட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்து படியும். மிதவைக் கருவி இல்லாமலே, நீரின் நிறத்தையும் பாத்தியின் ஓரத்தில் பூக்கும் படிகத்தையும் பார்த்து அந்த எல்லையை அறிகிற கண் உப்பளத் தொழிலாளிக்கு உண்டு. அங்கே கை நுண்மையானது, கணக்கு எழுதப்படவில்லை.

கையின் நுட்பமும் கணக்கின் நுட்பமும் ஒரே கோட்டில் வந்து நின்றது எப்போது, எங்கே என்று கேட்டால், விடைகளில் ஒன்றாக யேனா நகரத்தைச் சொல்லலாம்.

*

கார்ல் ஸைஸ் 1816இல் வைமார் நகரில் பிறந்தவர். கருவி செய்வோரிடம் தொழில் பயின்று, 1846ஆம் ஆண்டு நவம்பரில் யேனாவில் ஒரு சிறு பட்டறை திறந்தார். அருகில் பல்கலைக்கழகம் இருந்தது. பேராசிரியர்களின் கருவிகளைச் செப்பனிடுவதும் எளிய நுண்ணோக்கிகள் செய்வதும் வேலை. தரம் குறைந்த நுண்ணோக்கியைத் தம் கையாலேயே பட்டடையில் வைத்துச் சுத்தியலால் உடைப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. உண்மையோ புனைவோ, அப்பட்டறையின் குணத்தை அக்கதை சரியாகவே காட்டுகிறது.

அக்காலத்தில் நல்ல நுண்ணோக்கி என்பது பொறுமையின் விளைவு. பல வில்லைகளைத் தேய்த்து வைத்துக்கொண்டு, இதை அதனோடு சேர்த்து, அதை இதனோடு மாற்றி, படிமம் தெளிகிற வரை ஆளனுபவத்தால் பொருத்திப் பார்ப்பார்கள். ஒன்று நன்றாக அமைந்தால் ஏன் அமைந்தது என்று தெரியாது; அடுத்ததும் அப்படியே அமையும் என்ற உறுதியும் இல்லை. ஸைஸின் தலைமைத் தொழிலாளி ஆகஸ்ட் லோபர் இதில் ஒரு படி முன்னேறினார். சரியான வளைவுள்ள ஒரு சோதனைக் கண்ணாடியைப் புதிதாகத் தேய்த்த வில்லையின்மேல் வைத்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட காற்றுப்படலத்தில் வண்ண வளையங்கள் தோன்றும். நியூட்டன் வளையங்கள் என்று நாம் பள்ளியில் படித்தவை அவை. ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையே படலத்தின் தடிப்பு ஒளியலையின் நீளத்தில் பாதி மாறுகிறது: ஒரு மில்லிமீட்டரின் நாலாயிரத்தில் ஒரு பங்கு அளவு. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் குனிந்திருந்த ஒரு தொழிலாளி, எண்களைத் தொடாமலே, தலைமுடியின் தடிப்பில் சில நூறில் ஒரு பங்கைக் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

ஆனாலும் முழு நுண்ணோக்கியையும் முன்கூட்டியே கணக்கிட்டுச் செய்ய வேண்டும் என்பது ஸைஸின் ஆசை. 1866இல் அவர் பல்கலைக்கழகத்தின் இளம் விரிவுரையாளர் எர்ன்ஸ்ட் அப்பேயை நாடினார். அப்பேக்கு அப்போது வயது 26.

தொடக்கத்தில் நடந்தது, கல்வியின் மீது அளவுகடந்த நம்பிக்கை வைப்போர் கவனிக்கத் தக்கது. கணக்கிட்டுச் செய்த வில்லைகள் கையால் பொருத்திச் செய்தவற்றைக் காட்டிலும் மோசமாக அமைந்தன. பிழைகளைக் குறைக்க வேண்டுமென்று ஒளி நுழையும் கோணத்தை அப்பே குறுக்கியிருந்தார். பிழைகள் குறைந்தன, நுண்விவரங்களும் மறைந்தன. காரணம் தேடப் புறப்பட்டவர் வந்து சேர்ந்த இடம், 1873இல் அவர் வெளியிட்ட நுண்ணோக்கிக் கோட்பாடு. பொருளின் நுண்விவரங்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. சிதறிய அக்கதிர்களையும் உள்வாங்குமளவு வில்லையின் வாய் அகன்றிருந்தால்தான் விவரம் தெரியும். அதற்கும் ஓர் எல்லை உண்டு, ஒளியலையின் நீளமே அந்த எல்லை. தொழிலாளியின் கை அறிந்திருந்ததைக் கணக்கு அறியாமல் போனது ஏன் என்று கேட்டதால் கிடைத்த அறிவு இது. கையைப் பழித்திருந்தால் கிடைத்திருக்காது.

1872 முதல் ஸைஸ் பட்டறையின் நுண்ணோக்கிகள் அப்பேயின் கணக்கின்படி செய்யப்பட்டன. இடையில் அவர் வேறொரு வேலையையும் செய்ய வேண்டியிருந்தது. கணக்கு ஒரு வளைவைக் கேட்கிறது. வில்லையில் அந்த வளைவு இருக்கிறதா என்று எப்படி அறிவது? கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை எப்படி அறிவது? அளக்க முடியாததைக் கணக்கிட்டுப் பயனில்லை. ஆகவே அப்பே அளவைக் கருவிகளைச் செய்தார். இன்றும் நம் கல்லூரிகளிலும் சர்க்கரை ஆலைகளிலும் வழங்கும் ‘அப்பே ஒளிவிலகல்மானி’ அப்படிப் பிறந்ததுதான். பட்டறையின் உள்தேவைக்காகச் செய்த கருவிகள் நாளடைவில் பட்டறையின் விற்பனைப் பொருள்களாயின. 1884இல் ஓட்டோ ஷாட் என்னும் வேதியியலாளரோடு சேர்ந்து யேனாவிலேயே கண்ணாடி உருக்கும் ஆய்வகம் தொடங்கியதும், கண்ணாடி, கணக்கு, கை மூன்றும் ஒரே ஊரில் கூடின.

*

அப்பே 1890இல் அளவைக் கருவிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் சொன்ன விதி இன்றைக்கும் இயந்திரப் பொறியாளர்கள் படிக்கிற முதல் பாடங்களில் ஒன்று. அளவுகோல், அளக்கப்படும் நீளத்தின் நேர்கோட்டிலேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

இதன் பொருளை எளிய எடுத்துக்காட்டால் காணலாம். லேத் பட்டறையில் வெர்னியர் காலிப்பர் பார்த்திருப்போம். பொருளைக் கவ்வும் தாடைகள் கீழே இருக்கின்றன. கோடுகள் பொறித்த சட்டம் மேலே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 30 மில்லிமீட்டர் தள்ளல் இருப்பதாகக் கொள்வோம். நகரும் தாடை தேய்மானத்தால் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு சாய்ந்துவிட்டால், கண்ணுக்கே தெரியாத அச்சாய்வு அளவில் ஏறத்தாழ 9 மைக்ரான் பிழையை உண்டாக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அளவுகோலும் பொருளும் ஒரே கோட்டில் இருந்தால், 30 மில்லிமீட்டர் நீளத்தில் அதே சாய்வு உண்டாக்கும் பிழை ஒரு மைக்ரானின் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. சாய்வு அதேதான், நிற்கும் இடம் மாறியதால் பிழை பல்லாயிரம் மடங்கு சுருங்கிவிட்டது. திருகு மைக்ரோமீட்டர் வெர்னியரைவிட நம்பகமானதாக இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்: அதன் திருகும் பொருளும் ஒரே கோட்டில் இருக்கின்றன.

இவ்விதியில் நாம் காண்பது ஒரு மனப்பாங்கு. கருவி பிழையே செய்யாது என்று அப்பே கருதவில்லை. சாய்வு இருக்கும், தேய்மானம் இருக்கும், மனிதன் செய்ததில் கோணல் இருந்தே தீரும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அக்கோணல் தீர்ப்பைக் கெடுக்காதபடி கருவியை எங்கே நிறுத்துவது என்று கேட்டார். அளப்பவன் அளக்கப்படுவதிலிருந்து விலகி நிற்க நிற்க அவன் குறை பெருகித் தெரியும்.

முதல் உலகப்போருக்குப் பிறகு, 1919ஐ ஒட்டி, ஸைஸ் நிறுவனம் தொழிற்சாலை அளவைக் கருவிகளுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. அதற்குள் உலகம் மாறியிருந்தது. துப்பாக்கியும் தையல் இயந்திரமும் காரும் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்க உதிரிபாகங்களால் ஆயின. ஓர் ஊரில் கடைந்த தண்டு வேறோர் ஊரில் துளையிட்ட உருளையில் அரம் வைக்காமல் பொருந்த வேண்டும். ஸ்வீடன் நாட்டுத் துப்பாக்கித் தொழிற்சாலையொன்றில் வேலைபார்த்த கார்ல் எட்வர்ட் ஜோகான்சன் 1890களில் உருவாக்கிய எஃகு அளவுக்கட்டைகள் அதற்கு வழிசெய்தன. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமளவு வழவழப்பான 102 கட்டைகளைச் சேர்த்தும் பிரித்தும் இருபதாயிரம் அளவுகளை அவர் உண்டாக்கிக் காட்டினார். ஜோகான்சனின் வழி எஃகு. ஸைஸின் வழி ஒளி. ஒளிக்கதிரை நெம்புகோலாகக் கொண்டு நுண்ணிய நகர்வைப் பெரிதாக்கிக் காட்டும் ஆப்டிமீட்டர், கோணத்தைக் கண்ணாடி வட்டில் பொறித்த கோடுகளால் காட்டும் ஒளியியல் பிரிப்புத் தலை, திருகின் புரியையும் வெட்டுளியின் முனையையும் தொடாமலே அளக்கும் அளவை நுண்ணோக்கி ஆகியவை 1920களில் யேனாவிலிருந்து உலகப் பட்டறைகளுக்குச் சென்றன. உயிரணுவைப் பார்க்கச் செய்த கருவி எஃகைப் பார்க்கத் திரும்பியது.

இக்கருவிகளுக்கு ஊர் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். எஃகு வெப்பத்தில் விரியும்: ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, பதினொன்றரை மைக்ரான் அளவில். ஆகவே எந்த வெப்பநிலையில் அளந்தது என்று சொல்லாத அளவு பொருளற்றது. 1931இல் பன்னாட்டு அளவைக் குழு 20 டிகிரி செல்சியசைப் பொது வெப்பநிலையாக ஏற்றது, ஐ.எஸ்.ஓ. அமைப்பு 1951இல் வெளியிட்ட முதல் பரிந்துரையே இதைப் பற்றியதுதான். அது குளிர்நாட்டுப் பட்டறைக்கு ஏற்ற எண். சித்திரையில் 35 டிகிரி காயும் மரக்காணத்துக் கடற்கரையில் 100 மில்லிமீட்டர் எஃகுக் கட்டை 17 மைக்ரான் நீண்டுவிடும். உப்புக்காற்று அதன் வழவழப்பை அரித்துத் துருவேற்றும். ஆகையால்தான் நம் ஊர்த் தொழிற்சாலைகளில் மனிதர்கள் வியர்வையில் வேலை செய்ய, அளவை அறை மட்டும் மூடிய கதவுக்குள் குளிர்ந்திருக்கிறது.

*

அப்பேயின் வாழ்க்கையில் அளவைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவர் ஐசனாஹ் நகரத்து நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகன். தந்தை நாள்தோறும் 14 மணி முதல் 16 மணி நேரம் நின்று வேலை செய்தார். மதியத்தில் இடைவேளை கிடையாது. சோறு கொண்டுபோகிற சிறுவன், தந்தை இயந்திரத்தில் சாய்ந்தபடியே விரைந்து உண்டு, பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்புவதைப் பார்த்து நிற்பான். வலிய உடல் படைத்த அம்மனிதர் ஐம்பது வயதை எட்டும் முன்பே கிழவரானதைப் பின்னாளில் ஓர் உரையில் அப்பே நினைவுகூர்ந்தார்.

1875 முதல் ஸைஸின் தொழிலில் பங்குபெற்ற அப்பே செல்வரானார். 1888இல் ஸைஸ் மறைந்தார். மறு ஆண்டே அப்பே ஓர் அறக்கட்டளையை நிறுவி அதற்குக் கார்ல் ஸைஸ் பெயரை வைத்தார். 1891இல் நிறுவனத்தில் தமக்கிருந்த உரிமையை அதற்கு மாற்றிக் கொடுத்தார். பட்டறை எந்தத் தனிமனிதனின் சொத்தும் இல்லை என்றாயிற்று. லாபம், தொழிலை வளர்க்கவும் தொழிலாளர் நலனுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஊருக்கும் செல்ல வேண்டும். 1896இல் வகுத்த விதிகள் சம்பளத்தோடு விடுமுறை, ஓய்வூதியம், லாபத்தில் பங்கு ஆகியவற்றைத் தொழிலாளியின் உரிமைகளாக எழுதின. தலைமை அதிகாரியின் ஊதியம் தொழிலாளியின் சராசரி ஊதியத்தைப் போல் பத்து மடங்கைத் தாண்டக்கூடாது. பிறப்பு, சமயம், கட்சி பார்த்து எவரையும் ஒதுக்கக்கூடாது. பல ஆண்டுகள் உழைத்தோரின் அறிவும் பல்கலைக்கழகத்தின் அறிவும் கூடி உண்டான செல்வத்தை ஒருவர் தமதென்று எடுத்துக்கொள்வது கணக்குப் பிழை என்பது அவர் கருத்தின் சாரம்.

1900ஆம் ஆண்டு வேலை நேரத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டாகக் குறைத்தபோதும் அப்பே அளவையாளராகவே நடந்துகொண்டார். நேரம் குறைந்தால் உற்பத்தி குறையும் என்று முதலாளிகள் சொல்லிக்கொண்டிருந்த காலம். கூலி துண்டுக் கணக்கில் பெற்ற 233 தொழிலாளர்களின் முந்தைய ஆண்டுப் பதிவையும் மாற்றத்துக்குப் பிந்தைய பதிவையும் அவர் ஒப்பிட்டார். இழந்த நேரத்தை ஈடுகட்ட மணிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடு, கூடியிருந்தால் போதும். கூடியிருந்ததோ 16.2 விழுக்காடு. களைத்த கை கண்ணாடியை மட்டும் கெடுக்கவில்லை, கணக்கையும் கெடுத்துக்கொண்டிருந்தது என்பது எண்களால் தெரிந்தது. தந்தையின் பக்கத்தில் நின்ற சிறுவன் அறிந்திருந்ததுதான். நிறுவுவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அப்பே 1905 சனவரியில் காலமானார்.

தம் விதியை அவர் தம் நிறுவனத்துக்கும் பொருத்திப் பார்த்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. உழைப்பை அளக்கிறவன் உழைப்பவனிலிருந்து தள்ளி நிற்கக்கூடாது. தள்ளி நின்றால் சிறு சாய்வும் பேரநீதியாகப் பெருகும்.

*

விதிகள் எழுதப்பட்டிருந்தால் மட்டும் காக்கப்பட்டுவிடுவதில்லை. துல்லியமான ஒளியியல் போருக்கு இன்றியமையாதது: பீரங்கியின் தொலைவுமானி, நீர்மூழ்கிக் கப்பலின் மேல்நோக்கி, குறிபார்க்கும் கண்ணாடி. இரண்டு உலகப் போர்களிலும் ஸைஸ் அவற்றைச் செய்தது. பிறப்பும் சமயமும் பாராதே என்ற விதி நாஜி ஆட்சியில் நிலைகொள்ளவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது, நாடு நாடாகப் பிடித்துக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதர்கள் யேனாவில் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டார்கள். எட்டு மணி நேர வேலையை எண்களால் நிறுவிய அதே பட்டறையில் இது நடந்தது. மைக்ரானைப் பிழையில்லாமல் அளக்கத் தெரிந்தவர்களிடம் அதற்கு எதிரான தடை எதுவும் அக்கருவிகளிலிருந்து எழவில்லை. துல்லியம் அறத்தைத் தன்னோடு அழைத்து வருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை யேனாவை அடைந்தது. ஒப்பந்தப்படி அப்பகுதியைச் சோவியத் படையிடம் ஒப்படைக்கும் முன், நிறுவனத்தின் முதன்மையான மேலாளர்களையும் அறிவியலாளர்களையும் அமெரிக்கர் தெற்கே அழைத்துச் சென்றனர். அவர்களைக் கொண்டு ஓபர்கோஹன் என்னும் சிற்றூரில் புதிய நிறுவனம் தோன்றியது. பின்னால் வந்த சோவியத் அதிகாரிகள் யேனாத் தொழிற்சாலையின் இயந்திரங்களில் பெரும்பகுதியைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். 1946 அக்டோபரில் வல்லுநர்கள் பலர் குடும்பத்தோடு இரயிலேற்றப்பட்டார்கள். ஒருவர் மூளையை எடுத்தார், மற்றவர் இயந்திரத்தை எடுத்தார். எஞ்சிய தொழிலாளர்களின் கைகளிலிருந்து யேனா மறுபடியும் எழுந்தது; 1948இல் அது அரசுடைமையானது. அதன் பிறகு ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்கள். பெயருக்கு உரியவர் யார் என்று பல நாட்டு நீதிமன்றங்களில் வழக்காடி, 1971இல் இலண்டனில் உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

விடுதலைக்குப் பிந்தைய இந்தியா இந்த இரண்டையும் அறிந்திருந்தது. அளவை நமக்கும் அப்போது அவசரமான காரியமாயிருந்தது. தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு 1947 சனவரியில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் பெங்களூரில் எச்.எம்.டி. பிறந்தது, 1956இல் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் வந்தது, 1962இல் இயந்திரக் கருவிகளுக்கான மத்திய ஆய்வு நிறுவனம் பெங்களூரில் அமைந்தது. கிழக்கு ஜெர்மனியுடன் இருந்த வணிக உறவால் யேனாக் கருவிகள் நம் கல்லூரிகளுக்கும் ஆய்வகங்களுக்கும் வந்தன. கொல்கத்தாவின் பிர்லா கோளரங்கத்தில் விண்மீன்களைக் காட்டியதும் யேனாவின் ஒளிவீச்சுக் கருவிதான்.

ஓபர்கோஹன் 1973இல் யு.எம்.எம். 500 என்னும் அளவை இயந்திரத்தை வெளியிட்டது. நீளம், அகலம், உயரம் என மூன்று திசைகளிலும் உணரும் ஒரு முனை பொருளைத் தொட்டுத் தொட்டுச் செல்ல, கணினி அப்புள்ளிகளிலிருந்து வடிவத்தைக் கணக்கிடும். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கோவையிலும் இன்று உதிரிபாகங்களைச் சோதிக்கும் முப்பரிமாண அளவை இயந்திரங்கள் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை. மூன்று திசைகளில் நகரும் கருவியில் அளவுகோலையும் பொருளையும் எப்போதும் ஒரே கோட்டில் வைக்க இயலாது. ஆகவே கருவியின் ஒவ்வொரு சாய்வையும் முன்னரே அளந்து கணினியிடம் சொல்லிவைத்துக் கழித்துக்கொள்ளும் முறை நாளடைவில் வளர்ந்தது. அப்பேயின் விதியைக் கடைப்பிடிக்க முடியாத இடத்திலும், தன் கோணலைத் தான் அறிந்திரு என்ற அவர் மனப்பாங்கு தொடர்கிறது.

பெர்லின் சுவர் 1989இல் விழுந்தபோது யேனாக் கூட்டு நிறுவனத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். 1991இல் இரு ஸைஸ்களும் இணைந்தன. அந்த இணைப்பின் விலையாகப் பல்லாயிரம் கிழக்கத்தியத் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். சுத்தியலுக்கும் குண்டுவீச்சுக்கும் இயந்திரக் கொள்ளைக்கும் பிறகு நகரத்தை மீட்டெடுத்த தலைமுறை, சந்தைக் கணக்கில் உபரியாக எண்ணப்பட்டது. 2004இல் நிறுவனம் பங்கு நிறுவனமாக மாறியது. பங்குகள் அனைத்தும் அப்பே தொடங்கிய அறக்கட்டளையிடமே இருக்கின்றன.

*

குயிலாப்பாளையத்துக்கு அருகில் அந்தக் கோளம் வந்து சேர்ந்ததும் அதே 1991இல்தான் என்பது தற்செயல். ஆனால் அத்தற்செயலை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பது நல்லது. மாத்ரி மந்திரின் அடிக்கல் 1971இல் இடப்பட்டது; பணி நிறைவுற 2008 ஆயிற்று. அந்த நீண்ட காலத்தில் மண் தோண்டியும் கம்பி கட்டியும் கலவை சுமந்தும் உழைத்தவர்களில் சுற்றுவட்டாரக் கிராமத்தினரும் உண்டு. மேலே நின்று நோக்கினால் ஒளிக்கற்றை, கோளம், அமைதி. கிடைமட்டத்தில் நோக்கினால் யேனாவின் பட்டறை மேசைகளிலிருந்து வானூர் வட்டத்துச் செம்மண் வரை நீளும் கைகளின் வரிசை.

அந்தக் கைகளை எந்தக் கருவி அளக்கும் என்பது கோயிற்சுவரில் கோல் வெட்டிய காலத்திலிருந்து தொடரும் கேள்வி. சுவரில் கோலை வெட்டியவர்கள் ஒன்றைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்: அளவுகோல் அளக்கிறவன் வீட்டில் இருக்கக்கூடாது, அளக்கப்படுகிறவன் வந்து தொட்டுப் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும். அப்பே வேறொரு மொழியில், வேறொரு காரணத்துக்காக, அதையே எழுதினார். மரக்காணத்து உப்பளத்தில் கூலி கணக்கிடும் நாளிலும், ஒரகடத்து ஒப்பந்தத் தொழிலாளியின் பணிநேரத்தைப் பதிகிற இயந்திரத்தின் முன்னும், அவ்விதி இன்னும் நம்மிடம் செயற்படக் காத்திருக்கிறது.